வட்டில் முங்கும் நேரம்

வடசேரிச் சந்தையில் கோயில் யானை வாழைக்குலைக் கடைக்குள் புகுந்ததே, அந்த நாளை நினைவு வைத்திருக்கிறவர்கள் யாராவது இன்னும் இருந்தால், நான் சொல்லும் காலத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அது ஒரு தை மாதம். அதே வருஷம் ஐப்பசியில்தான் நம் தாலுகாக்கள் மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ் ராஜ்யத்தோடு சேர்ந்தன.

யானை யாரையும் ஒன்றும் செய்யவில்லை. கடைக்குள் தலையை விட்டது, அவ்வளவுதான். மட்டிக் குலைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிவப்புப் பழமான செந்துளுவனாகப் பார்த்து இழுத்தது. கடைக்காரர் பாகனைப் பார்த்து, "அதுக்க வாயப் பிடிவே! இல்லன்னா எனக்க வாயில நல்லா வரும்!" என்று கத்தினார். யானையின் வாயை யார் பிடிப்பது? ஜனங்கள் சிதறி ஓடினார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நானும் என் வீட்டுக்காரியும் நின்றோம். அவள் ஒரு செம்பு வட்டிலை மாராப்புக்குள் வைத்து, பிள்ளையை அணைத்துக்கொள்வதுபோல் இரண்டு கையாலும் அணைத்திருந்தாள். அந்த வட்டிலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். யானை குறுக்கே வந்துவிட்டது.

இன்னொன்றும் குறுக்கே சொல்லிவிடுகிறேன். என் பேத்தி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். போன தடவை வந்தபோது அவர்கள் ஆபீசில் நடக்கும் ஒரு சண்டையைச் சொன்னாள். அந்தப் பெட்டிக்குள் ஒரு மணி இருக்கிறதாம். மணி அடிக்கும்போதெல்லாம், செய்துகொண்டிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த முறை யாருக்கு என்று அது பார்க்குமாம். ஒரு நொடிக்குள் அந்த மணியை எத்தனை தடவை அடிக்கவிடுவது என்பதில்தான் சண்டை. நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டேன். "எதுக்கு பாட்டா சிரிக்கிய?" என்று கேட்டாள். சொல்ல வாயெடுப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. எனக்கு எழுத்து தெரியாது. அதனால் சொல்கிறேன், எழுதிக்கொள்ள ஆள் இருக்கிறது.

பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வரும் பெரிய கால்வாயிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு கிளை வாய்க்கால் பிரியும். பகலில் தண்ணீர் எங்களுக்கு. பொழுது சாய்ந்தால் பலகையைப் போட்டு அடைத்துக் கீழ் ஊருக்கு விட்டுவிடுவார்கள். எங்கள் வாய்க்காலில் ஏழு மடை. மடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கரையில் வயலுக்காக வெட்டிய வாய். மண்ணும் புல்கட்டையும் வைத்து அடைப்போம், மண்வெட்டியால் கொத்தித் திறப்போம். முதல் மடை ஒரு வயசாளிக்கு. அவரைத் தலைமடைக்காரர் என்றே எல்லோரும் சொல்வோம். குடையும் வெற்றிலைச் செல்லமும் இல்லாமல் வெளியே வரமாட்டார். கடைசி மடை எங்களுக்கு. கடைசி என்பது மட்டுமில்லை, எங்கள் வயல் கொஞ்சம் மேடும்கூட. வாய்க்கால் நிறைந்து தண்ணீர் கரையைத் தொட்டு நின்றால்தான் உள்ளே ஏறும்.

அது நானும் அவளும் கல்யாணத்துக்குப் பிறகு தனியாக வைத்த முதல் பயிர். பாட்டத்துக்கு எடுத்த வயல். இந்தப் பூ, அதாவது இந்தப் போகம், கரிந்தால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று வயல்காரர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நெல் பொதியில் நின்றது. கதிர் தாளுக்குள் சுருண்டிருக்கும் அந்தச் சமயத்தில் மண் காய்ந்தால், வெளியே வருவது நெல்லாக இருக்காது, பதராக இருக்கும்.

மழையோ ஏமாற்றிவிட்டது. ஏமாற்றினால் முறை வைப்பார்கள். ஒரு மடைக்கு ஒரு பகல். அதாவது எங்கள் வயல் ஒருமுறை நனைந்தால் அடுத்த நனைப்புக்கு ஏழாம் நாள். அதற்குள் என் கால் விரல் நுழையும்படி வெடித்துவிடும். தலைமடையிலோ உச்சிவேளைக்கு முன்பே வயல் நிரம்பி, மிச்சத் தண்ணீர் ஓடையில் சும்மா விழுந்து போகும். முறை அவருடையது, யார் கேட்பது?

கேட்டோம். வாய்க்கால் பிரியும் இடத்தில் ஒரு சாயாக்கடை. அங்கே ஏழு மடைக்காரர்களும் கூடினோம். பின்மடைக்காரர்கள் நாங்கள் ஒரே குரலாக நின்றோம்: முறையைச் சிறிதாக்க வேண்டும், ஒரே பகலில் ஏழு மடைக்கும் தண்ணீர் சுற்றி வர வேண்டும்.

"சுத்தட்டும். எனக்கென்ன?" என்றார் தலைமடைக்காரர். மடியிலிருந்து சங்கிலிக் கடிகாரத்தை எடுத்தார். "இதப் பாத்துச் சொல்லுகேன். எல்லாவனும் கேட்டா மதி, அது போதும்."

"உமக்க மடியில கெடக்க கடியாரம் உமக்க வயலப் பாத்துத்தான் ஓடும்வே," என்றார் நடுமடைக்காரர். அவருக்கு நாக்கு கொஞ்சம் நீளம்.

ஊர்ப் பொதுவில் ஒரு செம்பு வட்டில் கிடந்தது. அடியில் ஒரு சின்ன ஓட்டை. அதைத் தண்ணீர் நிறைந்த உருளியில் மிதக்கவிட்டால் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி, ஒரு நாழிகையில் முங்கிவிடும். முங்கும்போது 'களுக்' என்று ஒரு சத்தம் வரும். அது யார் மடியிலும் இருக்காது, எல்லோர் கண் முன்னாலும் இருக்கும். அதையே வைப்போம் என்று முடிவாயிற்று. சாயாக்கடைக்காரருக்கு வயல் கிடையாது, யார் பக்கமும் சாய வேண்டிய தேவை இல்லை. ஆகவே உருளி அவர் பெஞ்சுமேல். பழைய பஸ்ஸின் ஸ்பிரிங் பட்டை ஒன்றைப் பூவரசமரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். வட்டில் முங்கினால் அவர் பட்டையில் அடிக்க வேண்டும். அடி கேட்டதும் ஒரு மடை அடைபட்டு அடுத்த மடை திறக்க வேண்டும்.

தலைமடைக்காரர் எழுந்து, குடையைத் தரையில் ஊன்றி ஒரு சட்டம் போட்டார்.

"ஒரு முங்கு, ஒரு அடி, ஒரு மடை. ரெண்டு முங்கு மூணு முங்குன்னு எண்ணப்பிடாது. எண்ணினா சண்டதான் வரும். முங்காம எவனும் மடைய அடைக்கவும்பிடாது, முங்கினபொறவு ஒரு துள்ளி வெள்ளம் கேக்கவும்பிடாது. கேட்டியளா மக்கா?"

கேட்டோம். கைதட்டாத குறை. எனக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை. ஏழு நாளுக்கு ஒரு தடவை வந்த தண்ணீர் இனி ஒரே பகலில் நாலைந்து தடவை வரும்! வீட்டுக்கு ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அவள் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாலஞ்சு தடவ வருமா? வந்து எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்கு எதிலும் ஒரு குறை சொல்லியாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் பட்டை அடித்தது. 'டங்ங்' என்ற அந்தச் சத்தம் வயல்வெளி முழுக்கப் பரவியது. ஆகா, என்ன சத்தம்! தலைமடை திறந்தது. பிறகு இரண்டாம் மடை, மூன்றாம் மடை. நாங்கள் இரண்டு பேரும் எங்கள் மடையைக் கொத்தித் திறந்து வைத்துவிட்டுக் குனிந்து நின்றோம். எங்கள் முறைக்குப் பட்டை அடித்தது. தண்ணீர் வருகிறது, வருகிறது என்று நான் கத்தினேன். முதலில் நுரை வந்தது, சருகு வந்தது, பிறகு கலங்கல். காய்ந்து கிடந்த வாய்க்கால் அடி அந்தத் தண்ணீரைச் சப்புச் சப்பென்று குடித்தது. நண்டு வளைகள் எல்லாம் குமிழி விட்டன. குடித்தது போக மிச்சம் எங்கள் மடைக்கு வந்து, நின்று, மெல்ல உயர்ந்து, மேடான வாயில் நாக்கை நீட்டுவதுபோல் ஏறத் தொடங்கியது. டங்ங்!

தலைமடை திறந்துவிட்டார்கள். தண்ணீர் பின்வாங்கியது. வாய்க்காலில் நின்றதை நண்டு வளைகள் குடித்தன.

அன்று முழுக்க இதுதான் நடந்தது. பட்டை அடிக்கும், வெயிலில் காய்ந்த வாய்க்கால் முதலிலிருந்து குடிக்கும், மடையில் நாக்கு நீளும், பட்டை அடிக்கும். ஊரே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கரையில் ஓடியது. ஒரு மடையை அடைத்து முடிப்பதற்குள் அடுத்த அடி. களை பறித்த பெண்கள் ஒவ்வொரு அடிக்கும் நிமிர்ந்து பார்த்தார்கள், நிமிர்ந்தால் நாலு வார்த்தை பேசாமல் குனிவார்களா? சாயாக்கடைக்காரர் அழாத குறைதான்.

"நான் சாயா ஆத்தவா, வட்டிலப் பாக்கவா? டம்ளர எடுத்தா முங்குகு, சீனி போட்டா முங்குகு! இன்னைக்கு எல்லாவனும் பச்ச வெள்ளம் குடிச்சிட்டுப் போங்க!"

சாயங்காலம் கணக்குப் பார்த்தால், தலைமடை வயல் மட்டும் பளபளவென்று நிறைந்திருந்தது. அவருக்கு வாய்க்கால் குடிப்பது என்ற தொல்லையே இல்லை. திறந்த கணத்தில் தண்ணீர் வயலில் விழும். முறை எவ்வளவு சிறிதானாலும் அவருக்கு முழுசாக மிஞ்சும். எங்களுக்கோ, வாசல்வரை வந்த விருந்தாளி வாசலோடு திரும்பிய கதை.

மறுநாள் சாயாக்கடையில், முறையைப் பெரிதாக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். ஆமாம், நாங்கள்தான், சிறிதாக்கக் கேட்ட அதே ஆட்கள்! தலைமடைக்காரர் வெற்றிலையை மடித்து வாயில் வைத்து, சாறு ஊறவிட்டார்.

"சின்னதாக்கணும்ணு கேட்டது ஆரு? நானா? எனக்கு இது கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு."

"மாமா, ஒரு முறைக்கு ரெண்டு முங்குன்னு வைப்போமே," என்றேன்.

"எண்ணப்பிடாதுன்னு சட்டம்லாலே! நீயும் தல ஆட்டினியா இல்லியா?"

எண்ணுவதில் அவர் சொன்னதும் சரிதான். முந்தின நாளே ஒரு தடவை சாயாக்கடைக்காரர் அடித்தாரா இல்லையா என்பதில் மூன்றாம் மடைக்கும் நாலாம் மடைக்கும் மண்வெட்டிக் காம்பு மோதியிருந்தது. கண்ணால் பார்த்த ஒரு முங்குக்கே இந்தக் கதி. இரண்டா மூன்றா என்று ஆரம்பித்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

அப்போதுதான் என் வீட்டுக்காரி வாயைத் திறந்தாள். சாயாக்கடைக் கூட்டத்தில் பெண்கள் பேசுவது வழக்கமில்லை. அவள் உள்ளே வரவும் இல்லை, பூவரசமரத்தடியில் நின்றபடியே சொன்னாள்.

"சட்டத்த மாத்தாண்டாம் மாமா. ஓட்டைய மாத்துவோம். ஓட்ட சின்னதானா முங்க நேரமாகும். ஒரு முங்கு ஒரு முங்குதான், ஆரும் எண்ணாண்டாம்."

நடுமடைக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"எம்புட்டுச் சின்னதுக்கு? பகல் பூரா முங்காம மெதக்கதுக்கா?" என்றார் தலைமடைக்காரர்.

"கடைமடையில வெள்ளம் ஏறி கடைசி வரப்பத் தொட எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவுக்கு. கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம். ஒரு முறை பாத்துப் போடுவோம்."

"பாக்கதுக்கு வெள்ளம் ஆருக்க முறையிலட்டி?"

"எங்க முறையிலதான்."

"செரி. ஆனா சட்டம் சட்டம்தான், அன்னைக்கும் உங்களுக்கு ஒரு முங்குதான்," என்று அவர் எழுந்துகொண்டார்.

இரண்டு நாளில் எங்கள் முறை, அதற்குள் வட்டில் தயாராக வேண்டும். அதுவரை பழையபடி பகல் முறை. மறுநாள் காலை வட்டிலோடு வடசேரிக்குப் பஸ் ஏறினோம். அன்றைக்குத்தான் யானை. யானை செந்துளுவனைத் தின்று முடிக்கும்வரை நாங்கள் ஒரு சுவரோடு ஒட்டி நின்றுவிட்டு, பாத்திரம் வேலை செய்யும் கன்னாரைத் தேடிப் போனோம். அவர் வட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஓட்டை வழியாக எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடச்சி வேற ஓட்ட போடணுமா? எவ்வளவு நேரத்துக்குள்ள முங்கணும்?"

நான் விழித்தேன். அதுதானே எங்களுக்கும் தெரியாது!

"அண்ணாச்சி, பெருசாப் போட்டுட்டு சின்னதாக்க முடியுமா?" என்று அவள் கேட்டாள்.

"அதுக்குத் திரும்ப ஈயம் உருக்கணும்மா. சின்னதாப் போட்டா, பொறவு ஒரு ஊசிய வச்சி நீங்களே பெருசாக்கிக்கிடலாம்."

"அப்ப உள்ளதிலயே சின்னதாப் போடுங்க," என்றாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து மறைந்தது. நான் அதை யானையைப் பார்த்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் முறை நாள் வந்தது. மடைக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள், களைக்காரிகளும் வந்துவிட்டார்கள். அன்று சாயாக்கடைக்காரர் பால் இரண்டு மடங்கு வாங்கியிருந்தார். ஆறு மடையும் அடைபட்டிருந்தன. பயிர் அன்று நனையவில்லை என்றால் அடுத்த முறைவரை தாங்காது. பொதி வெடிக்கும் நாள் அது.

ஏற்பாடு இதுதான். எங்கள் வயலின் கடைசி மூலையில் அவள் வெறுங்காலோடு நிற்பாள். தண்ணீர் காலைத் தொட்டதும் சிவப்புத் துவர்த்துத் துண்டை வீசுவாள். நடு வழியில் நிற்கும் நடுமடைக்காரர் அதைப் பார்த்துக் கூவுவார். கூவல் கேட்டதும் சாயாக்கடைக்காரர், வட்டிலுக்குள் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார். பிறகு வட்டில் அந்தக் கோட்டை எட்டும் நேரத்துக்குள் முழுசாக முங்கும்படி ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும்.

டங்ங்! வட்டில் உருளியில் உட்கார்ந்தது. ஒரு செம்பருத்திப் பூவைத் தண்ணீரில் போட்டேன், அதோடு கரையில் ஓடினேன். பூ தலைமடையைத் தாண்டியது. இரண்டாம் மடையில் வேரில் மாட்டியது. எடுத்துவிடலாமா என்று குனிந்தேன், பின்னாலிருந்து, "தொடாதலே!" என்று தலைமடைக்காரரின் குரல். தொடவில்லை. அதுவே சுழன்று விடுபட்டது. நாலாம் மடையில் நண்டு வளை குடித்த வேகத்தில் பூ நின்றே போயிற்று. பிறகு அசைந்தது. நானும் அசைந்தேன். அப்படியே எங்கள் மடைக்கு வந்து சேர்ந்தோம், பூவும் நானும்.

தண்ணீர் நின்றது. உயர்ந்தது. நாக்கு நீட்டியது. பட்டை அடித்துவிடுமோ என்று காது அந்தப் பக்கமே இருந்தது. அடிக்கவில்லை. நாக்கு வாயானது, வாய் ஓட்டமானது. வெடிப்புகளுக்குள் விழுந்து விழுந்து நிறைந்து, பயிரின் தூருக்குத் தூர் தாவிப் போயிற்று. காய்ந்த மண்ணில் தண்ணீர் இறங்கும்போது ஒரு வாசம் வருமே! நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

சிவப்புத் துவர்த்து வீசியது. "கூகூய்!" என்று நடுமடைக்காரர் கூவினார். சாயாக்கடைப் பக்கம் ஆரவாரம் கேட்டது. கோடு போட்டுவிட்டார்கள்.

என்னை அறியாமல் மடையை அடைக்க மண்வெட்டியை எடுத்தேன். அவள் மூலையிலிருந்து கையை ஆட்டினாள், வேண்டாம் என்று. தண்ணீர் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் தலைமடைக்காரர் குடையைக் கக்கத்தில் இடுக்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்து, கரையில் மூச்சு வாங்க வந்தார்.

"கோடு போட்டாச்சுலா! அடைலே மடைய!"

அவள் வரப்பில் நடந்து பக்கத்தில் வந்தாள். முழங்கால்வரை சேறு.

"வட்டில் முங்கிட்டா மாமா?"

அவர் சாயாக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கோட்டுக்கு வந்துட்டு... இன்னும் முங்கல..."

"முங்காம எவனும் அடைக்கப்பிடாதுன்னு சொன்னது நீங்கதான?"

பின்னாலேயே வந்திருந்த நடுமடைக்காரர், "ஓய், உமக்க சட்டம்லாவே இது!" என்று வாய்க்கால் கரையில் உட்கார்ந்து உருண்டு சிரித்தார். தலைமடைக்காரர் குடையை ஓங்கினார். யாரை அடிப்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது, அதை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, நேரம் பாக்கேன் நேரம் பாக்கேன்னு சொல்லி வயல நெறச்சிட்டியே! ஓட்டைய ஊசிக்கண்ணாப் போடச் சொன்னது இதுக்குத்தானா?"

"சின்னத பெருசாக்கலாம், பெருசச் சின்னதாக்க முடியாதுன்னு கன்னாரு சொன்னாரு மாமா," என்றாள், ஒன்றும் தெரியாத முகத்தோடு.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெற்றிலைச் சாறு வேட்டியில் வழிந்தது.

அன்று வட்டில் எப்போது முங்கியது என்று எனக்கு நினைவில்லை. வயல் கண்ணாடிபோல் நின்றது, அதுதான் நினைவிருக்கிறது. சாயாக்கடையில் கோட்டைப் பார்த்துப் பார்த்து, ஊசியால் ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினோம். கடைசியில் தலைமடைக்காரர்தான், "அடைக்கவும் தொறக்கவும் ஆகுற நேரத்தையும் சேத்து வைங்கடே, ஓடிச் செத்துப்போவிய," என்றார். அதையும் சேர்த்து, கோட்டுக்குக் கொஞ்சம் பிந்தி முங்கும்படி நிறுத்திக்கொண்டோம். அதற்குப் பிறகு ஒரு பகலில் ஏழும் சுற்றி வரவில்லை, இரண்டு பகலில் சுற்றி வந்தது. அது போதுமானதாக இருந்தது. சாயாக்கடைக்காரர் சாயா ஆற்றினார், களைக்காரிகள் களை பறித்தார்கள், நண்டுகள் அதுகளின் பங்கைக் குடித்தன. எங்கள் பொதி வெடித்துக் கதிர் வந்தது. பால் பிடித்தது, தலை சாய்ந்தது. வயல்காரர் அறுப்புக்கு வந்து, ஒரு கதிரைக் கசக்கி வாயில் போட்டு மென்றுவிட்டு, அடுத்த பூவுக்கும் நாங்களே விதைக்கலாம் என்றார். அவள் அப்போதும் ஒன்றும் தெரியாத முகத்தோடுதான் நின்றாள்.

அந்த மணிச் சண்டை இன்னும் தீர்ந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். பேத்தி போனை எடுப்பதில்லை, எடுத்தால் எனக்குக் காது கேட்பதில்லை. ஆகவே இதைக் கேட்கிறவர்களில் யாராவது அந்தப் பெட்டி வேலை பார்க்கிறவர்களாகவோ, அவர்களுக்குத் தெரிந்தவர்களாகவோ இருந்தால், எனக்காக இதை ஒரு தடவை சொல்லிவிடுங்கள். மணியை எத்தனை தடவை அடிப்பது என்று சாயாக்கடையில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு நாள் கடைமடையில் போய் வெறுங்காலோடு நிற்கட்டும். தண்ணீர் காலைத் தொட்ட பிறகு ஓட்டையைப் போடட்டும். முதலில் சின்னதாகவே போடச் சொல்லுங்கள். சொன்னது என் பேத்தியுடைய பாட்டி என்றும் சொல்லுங்கள், நான் வெறுமனே பூவுக்குப் பின்னால் ஓடினவன்.